பிடிஃபின் 2கே வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங்: கும்பகோணம் பக்கத்து பழைய வீட்டு பாத்ரூம்ல அடிச்சுப் பார்த்த அனுபவம்

எங்க வீடு கும்பகோணம் பக்கத்துல, அரசலாத்தங்கரையில. தாத்தா காலத்து நாட்டுச் செங்கல் சுவரு, சுண்ணாம்புக் காரை. அதுக்குள்ளயே பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு அட்டாச்டு பாத்ரூம் எடுத்தோம், பளபளன்னு டைல்ஸ் ஒட்டிக் குடுத்தாங்க, ரெண்டாவது மழைக்கே அந்தப் பக்கம் அம்மா ரூம் சுவத்துல ஓதம் காக்க ஆரம்பிச்சிடுச்சு. பெயிண்ட் உரிஞ்சு உப்பு பூத்து நிக்கும், சுரண்டிட்டு மறுபடி அடிச்சா ஆறு மாசம் தாங்கும், அவ்வளவுதான். போன வருஷம் பீரோவை நகர்த்துனா பின்பக்கத் தகரம் முழுக்க துரு, அடித்தட்டுல இருந்த அம்மாவோட கல்யாணத் திருபுவனம் பட்டுல பழுப்பா கறை. அம்மா ஒரு வார்த்தை சொல்லல, மடிச்சு மறுபடி உள்ள வச்சிட்டாங்க. எனக்குத்தான் தாங்கல, உடைச்சிடலாம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

டைல்ஸை எடுத்தப்பதான் விஷயம் தெரிஞ்சது. ஒவ்வொரு டைல்ஸுக்குப் பின்னாடியும் நாலு மூலை, நடுவுல ஒண்ணுன்னு கலவையை உருண்டையா அப்பி ஒட்டியிருக்காங்க, மீதி எல்லாம் பொள்ளு. ஜாயிண்ட் வழியா எறங்குற தண்ணி அந்தப் பொள்ளுக்குள்ளயே தங்கி சுவத்துக்குள்ள ஊறியிருக்கு. டைல்ஸ் தண்ணி விடாதுதான், ஆனா டைல்ஸுக்கு நடுவுல சந்தை அடைக்கிற கிரவுட் பூச்சு கொஞ்சம் கொஞ்சமா விடும், அதனால தண்ணியை நிறுத்த வேண்டியது பின்னாடி இருக்குற சுவரு.

வேலைக்கு பாபநாசம் பக்கத்துல இருந்து ஒரு கொத்தனார் அண்ணனும் அவரோட மச்சானும் வந்தாங்க. நான் பிடிஃபின் கோட்டிங்கை வாங்கி ரெடியா வச்சிருந்தேன், அண்ணன் அதைத் தொடவே இல்ல. சுத்தியல் காம்பால பூச்சு மேல தட்டிக்கிட்டே போனாரு, ஒரு இடத்துல சத்தம் மாறுச்சு, விரலால தேச்சாரு, மணல் சர்க்கரை மாதிரி கொட்டுச்சு. "தம்பி, இது மேல எதை அடிச்சாலும் பூச்சோட சேந்து கழண்டு வந்துடும்"னாரு. செங்கல் தெரியுற வரைக்கும் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு உப்பைத் தேச்சு, கழுவிக் காய விட்டு, அப்புறம் பூசுனாங்க. சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் நாலு கலவை, 50 கிலோ மூட்டை சிமெண்டுக்கு 200 மில்லி எல்.டபிள்யூ பிளஸ், அதாவது கலவையில சேர்க்குற வாட்டர்ப்ரூஃப் திரவம். ஏழு நாள் தண்ணி ஊத்துனோம். சுவரும் தரையும் சேர்ற மூலையை நறுக்குனு விடாம கலவை வச்சு வளைச்சு விட்டாரு, அங்கதான் முதல்ல விரிசல் வருமாம்.

பிடிஃபின்ல பவுடர் தனி, பால் மாதிரி இருக்குற திரவம் தனி. கட்டி இல்லாம கலக்கணும், தண்ணி ஊத்தி இளக்கக் கூடாது, அப்பப்ப அடிக்கிற அளவுதான் கலக்கணும். சுவத்தை ஈரம் பண்ணிக்கணும், ஆனா தண்ணி வழியக் கூடாது. முதல் கோட்டு குறுக்கால, அது காஞ்சப்புறம் ரெண்டாவது கோட்டு மேலிருந்து கீழ. ஷவர் பக்கம் ஏழடி, மத்த சுவத்துல ரெண்டடி, தரை முழுக்க. காஞ்சதும் ரப்பர் மாதிரி லேசா இழுபடுது, நகத்தால சுரண்டுனா பெயரல. எனக்கு நம்பிக்கை வந்தது அப்பதான்.

அஞ்சு நாள் கழிச்சு, தரைத் தண்ணி வெளிய போற டிராப்போட வாய அடைச்சு நாலு விரக்கடை தண்ணி நிறுத்தி சுவத்துல பென்சில் கோடு போட்டோம். மறுநாள் காலையில பார்த்தா தண்ணி கோட்டுக்குக் கீழ ஒரு இஞ்ச் இறங்கியிருக்கு, எனக்கு வயிறு கலங்கிடுச்சு. தேடிப் பார்த்தா டிராப்பை சுத்தி, பிவிசியும் சிமெண்டும் சேர்ற எடத்துல மயிரிழை சந்து. அதைக் கொத்தி அடைச்சு, ஃபைபர் வலைத்துண்டு வச்சு மறுபடி ரெண்டு கோட்டு. அடுத்த தடவை 48 மணி நேரம் கோடு அப்படியே நின்னுச்சு. டைல்ஸ் ஒட்டினப்புறம் இது தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் மறுபடி உடைச்சிருக்கணும், தயவு செஞ்சு இந்த டெஸ்ட்டை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுடாதீங்க.

டைல்ஸ் ஒட்டும்போது சிமெண்ட் பால் வேணாம், கோட்டிங் வழவழன்னு இருக்கும், பிடிக்காது. ஐஎஸ் 15477னு டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர நம்பர் போட்ட பசை வாங்கி பல்லு கரணையால முழுசா இழுத்து ஒட்டுனோம், தட்டிப் பார்த்தா எங்கயும் பொள்ளு சத்தம் இல்ல.

ஒண்ணு சொல்லணும், அஸ்திவாரத்துல இருந்து மேல ஏறுற ஓதத்துக்கு இது மருந்து இல்ல. ஆத்துல தண்ணி வந்தா எங்க ஊர்ல கிணத்து மட்டமும் ஏறிடும், அந்த ஓதம் இன்னும் திண்ணைப் பக்கம் ஒரு முழம் நிக்குது. அதனால முதல்ல உங்க ஓதம் எங்கிருந்து வருதுன்னு பாத்துக்குங்க. வேலையையும் சித்திரை வைகாசியிலயே வச்சுக்குங்க, மேட்டூர் தொறந்து தண்ணி வந்துட்டா சுவரு காயவே காயாது.

கிச்சன்ல சிங்குக்குப் பின்னாடி சுவத்துக்கும் மிச்சம் இருந்ததை அடிச்சோம், அங்கயும் ரெண்டு கோட்டுதான்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை மழை ரெண்டும் போயிடுச்சு. அம்மா தினமும் காலையில அந்தச் சுவத்துல உள்ளங்கையை வச்சுப் பார்ப்பாங்க. போன வாரம்தான் பீரோவைப் பழைய எடத்துக்கே நகர்த்தச் சொன்னாங்க.