சின்ன வண்டிக்கு பார்க்கிங் சென்சார் வேண்டுமா?

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தடை நெருங்க நெருங்க பீப் அடித்துச் சொல்லும் கருவிதான் பார்க்கிங் சென்சார். வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் பின்பக்கத்துக்கு மட்டும். அதுவும் திரை, கலர் விளக்கு எதுவும் இல்லாமல் நான்கு சென்சாரும் ஒரு பஸ்ஸரும் உள்ள சாதாரண செட் போதும். முன்பக்க சென்சார் சின்ன வண்டிக்குத் தேவையில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "இத்தனூண்டு வண்டிக்கு இது எதுக்கு?" என்பதாகத்தான் இருக்கிறது.

என்னுடையது நான்கு மீட்டருக்கும் குறைவான ஹேட்ச்பேக். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. இடது தோளுக்கு மேல் முழுசாகத் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது இனி எனக்கு நடக்காத காரியம். இதே வண்டியில்தான் மகளும் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கண்ணாடியை மட்டும் நம்பிப் பின்னால் வரவேண்டிய ஒருவரும், தூரக் கணக்கு இன்னும் கைக்கு வராத ஒருவரும் ஒரே வண்டியை ஓட்டுகிறோம். சென்சார் இரண்டு பேருக்கும் உதவியது. ஆனால் உதவிய விதம் வேறு வேறு.

வண்டி சின்னதாக இருப்பதால் பின்னால் எடுப்பது சுலபம் என்பது பாதி உண்மைதான். நீளம் குறைவு, டிக்கி துருத்திக்கொண்டு இருக்காது, பின் கண்ணாடிக்குக் கீழே உடனே பம்பர் வந்துவிடும். அதனால் பின்னால் பெரிய சுவர் இருந்தால் கண்ணாலேயே கணக்குப் போட்டு நிறுத்திவிடலாம். ஆனால் சின்ன வண்டி என்பதாலேயே பெரிய வண்டி நுழையாத சந்துக்குள் எல்லாம் நாம் நுழைக்கிறோம். இப்போது வரும் ஹேட்ச்பேக்குகளில் பின் கண்ணாடி குறுகலாகவும் அதன் இருபக்கத் தூண்கள் தடிமனாகவும் இருக்கின்றன. பின் சீட்டின் ஹெட்ரெஸ்ட் மிச்சம் இருப்பதில் கொஞ்சத்தை மறைத்துவிடும். கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கீழே இருக்கும் எதுவும், வண்டியை நெருங்க நெருங்க, கண்ணுக்குத் தெரியாமலே போகும். குட்டைத் தூண், தாழ்வான திண்ணைச் சுவர், நிறுத்தி வைத்த பைக்கின் சக்கரம், பெரிய பூந்தொட்டி எல்லாம் இந்த வகைதான். சென்சார் காசுக்கு வேலை செய்வது இவற்றிடம்தான். சுவரைக் கண்டுபிடிக்க அது தேவையே இல்லை.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். பம்பரில் இருக்கும் ஒவ்வொரு வட்டமும் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. கடையில் வாங்கிப் பொருத்தும் செட்களில் பெரும்பாலும் நொடிக்கு 40,000 அதிர்வு. அந்த ஒலி எதிலாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து தூரம் கணக்கிடப்படுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம் போதும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலியை அனுப்பும் அதே தகடுதான் திரும்பி வருவதையும் கேட்க வேண்டும். அடித்த மணி அதிர்ந்துகொண்டே இருப்பதுபோல அனுப்பிய அதிர்வு அடங்கச் சற்று நேரம் ஆகும். அதுவரை அதற்குக் காது கேட்காது. அதனால்தான் சுமார் 30 செ.மீ. நெருங்கியதும் பீப் விட்டு விட்டு அடிக்காமல் ஒரே நீளமாகக் கத்துகிறது. அந்த நீளச் சத்தத்துக்கு "இதற்குள் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது" என்றுதான் பொருள். மிச்சம் 25 செ.மீ. என்றாலும் 5 செ.மீ. என்றாலும் சத்தம் ஒன்றுதான். நீளச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் இறங்கிப் பாருங்கள்.

மாட்டிய பிறகு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மகளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தேன். எஞ்சின் ஓடவில்லை, சாவி மட்டும் ஆன், கியர் ரிவர்ஸில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கிறது. அவள் பின்னால் நின்று ஒவ்வொரு பொருளாகக் கிட்டே கொண்டுவந்தாள். பெரிய அட்டைப்பெட்டிக்கு ஒன்றரை மீட்டரிலேயே பீப் ஆரம்பித்தது, நெருங்க நெருங்க வேகம் கூடியது, எந்தக் குழப்பமும் இல்லை. துடைப்பக் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்தாள். பாதி தூரத்துக்கும் மேல் நெருங்கும்வரை சத்தமே இல்லை. இரண்டு சென்சாருக்கு நடுவே நகர்த்தினால் ஒரு நொடி பீப் வரும், மறு நொடி நின்றுவிடும். உருண்டையான மெல்லிய பொருளில் பட்ட ஒலி நாலாபக்கமும் சிதறிவிடும், திரும்பி வருவது கொஞ்சம்தான். அடுத்து கனமான கம்பளிப் போர்வையை விரித்துப் பிடித்தாள். "அப்பா, நான் இங்கதான் நிக்கிறேன், சத்தமே வரல" என்று அவள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பகீர் என்றது. துணி, பஞ்சு, கம்பளி எல்லாம் இந்த ஒலியைக் குடித்துவிடும். தடித்த துணி உடுத்திய ஒரு சிறு குழந்தை வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் இந்தக் கருவி சொல்லும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. சென்சார் இருக்கிறதோ இல்லையோ, குழந்தைகள் இருக்கும் இடத்தில் இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏறுவது எங்கள் வீட்டில் கட்டாயம்.

தரைக்கல் சோதனையை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும் என்பேன். ஓர் அடி உயரமுள்ள கல்லைப் பின்னால் வைத்தோம். தூரத்தில் இருக்கும்போது பீப் வருகிறது. கிட்டே வந்ததும் நின்றுவிடுகிறது. ஒலி விசிறிபோல் விரிந்து போவதால் தள்ளி இருக்கும் கல் அதற்குள் விழுகிறது, பம்பருக்கு அடியில் வந்த கல் விழுவதில்லை. பீப் நின்றதும் "தடை போய்விட்டது" என்று எண்ணி இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தால் பம்பரின் கீழ் உதடு கல்லில் ஏறும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: வந்த பீப் தானாக நின்றால், வந்ததைவிடப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொருளிலும் இதே ஆபத்துதான். லாரியின் பின்பலகை, நீளக் கம்பி ஏற்றிய வண்டி, பாதி திறந்த ஷட்டர் எல்லாம் சென்சாருக்கு மேலே இருப்பவை. இதில் ஹேட்ச்பேக்காரர்கள் செடான் வைத்திருப்பவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். செடானில் கண்ணாடிக்கும் பம்பருக்கும் நடுவே டிக்கியின் நீளம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. பலகை நேராகப் பின் கண்ணாடிக்கே வந்துவிடும், அப்போதும் பம்பர் சென்சார் வாயைத் திறக்காது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 5 கி.மீ. என்பது கேட்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அது நொடிக்கு 1.4 மீட்டர். சென்சார் பார்க்கும் தூரமோ ஒன்றரை மீட்டர். பீப் காதில் விழுந்து, கால் நகர்ந்து, பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆனாலே கிட்டத்தட்ட எல்லா இடமும் தீர்ந்துவிடும். அதனால் பாதி கிளட்ச்சில் ஊர்ந்து வருபவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கருவி. ஆட்டோமேட்டிக் என்றால் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், பிரேக்கை லேசாக விட்டு விட்டு வரவேண்டும். மகளுக்கு இந்தப் பழக்கத்தை நான் வாயால் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். பீப் கேட்டுக்கொண்டே ஓட்டியதில்தான் அவள் கால் தானாக மெதுவானது. சென்சாரால் அவளுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த லாபம் வேறு. பின்னால் எவ்வளவு மிச்சம் என்பதைக் காது பார்த்துக்கொள்வதால் கண் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலேயே இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டியின் முன் மூலை எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டு போகும். பக்கத்து வண்டியில் உரசுவது பெரும்பாலும் அந்த மூலைதான். பின்னால் இருக்கும் நான்கு சென்சாருக்கும் அது தெரியவே தெரியாது. முன்பெல்லாம் பின்னால் பார்க்கக் கழுத்தை முறுக்கிக்கொண்டு திரும்பும் நேரத்தில் முன் மூலையைப் பார்க்க முடியாது. இப்போது முடிகிறது. திரை உள்ள செட்டை நான் வேண்டாம் என்றதும் இதனால்தான். திரையில் வரும் தூர எண்ணைப் பார்க்கக் கண் டாஷ்போர்டுக்குப் போனால் இந்த லாபம் கைவிட்டுப் போகும்.

அப்படியானால் முன்பக்கமும் சென்சார் போட்டால் என்ன? சின்ன வண்டியில் பானெட் குட்டை, ஓட்டுபவர் முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். முன் பம்பர் எங்கே முடிகிறது என்பது சீக்கிரமே பழகிவிடும். நெரிசலில் முன்னால் ஒவ்வொரு பைக் நுழையும்போதும் அது கத்தும். கடைசியில் சுவிட்சை அணைத்து வைத்துவிடுவோம். அணைத்து வைத்த கருவிக்காகப் பம்பரில் ஓட்டை போட வேண்டாம்.

கேமரா நல்லதா, சென்சார் நல்லதா என்று கேட்பார்கள். சட்டங்களே இதில் இரண்டு பக்கமாகப் போயிருக்கின்றன. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம், இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். ஆகவே இந்தக் கேள்வி பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் அதிகம். கேமரா தரைக்கல்லையும் குழந்தையையும் காட்டும். ஆனால் நீங்கள் பார்த்தால்தான் காட்டும். லென்ஸில் சேறு பட்டால் அதுவும் இல்லை. வீட்டில் சிறு குழந்தைகள் உண்டு, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேமரா வாங்குங்கள். மற்றவர்களுக்கு என் ஓட்டு சென்சாருக்கு.

இனி பொருத்துவது. செட் எந்தக் கம்பெனி என்பதைவிட யார் மாட்டுகிறார், எப்படி மாட்டுகிறார் என்பதுதான் முக்கியம். சென்சார் தரையிலிருந்து 50 முதல் 60 செ.மீ. உயரத்தில் இருப்பது நல்லது. சின்ன வண்டிகளின் பம்பரில் தட்டையான இடம் அதற்குக் கீழேயே அமைந்துவிடும். தாழ்வாக மாட்டினால் தரையையே தடை என்று நினைத்துக் கத்தும், மேடான இடத்தில் ஏறும்போது நிற்காமல் கத்தும். சரிவான வளையம் செட்டோடு வந்தால் அதைப் போட்டு முகத்தைச் சற்று மேல்நோக்கித் திருப்ப வேண்டும். சென்சாரின் முதுகில் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மாட்டினால் ஒலி விரியும் திசையே மாறிவிடும். பம்பருக்குப் பின்னால் இரும்பு விட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் டிரில் வைக்கக்கூடாது. வண்டி நிறத்துக்குப் பொருந்த பெயின்ட் அடிப்பதானால் மெல்லிய ஒரு பூச்சு போதும், தடித்த பெயின்ட் அந்தத் தகட்டை அதிரவிடாது. ஓட்டையே பிடிக்காதவர்களுக்குப் பம்பரின் உள்ளே ஒட்டும் மின்காந்தப் பட்டை வகையும் உண்டு. ஆனால் அது வண்டி நகரும்போது மட்டும்தான் உணரும்.

கருவிக்கு மின்சாரம் ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்து வருகிறது. அந்த இணைப்பு தளர்ந்தால் சென்சார் எதுவும் சொல்லாமல் செத்துப்போகும். பீப் வராததால் பின்னால் இடம் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ரிவர்ஸ் கியர் போட்டதும் ஒரு சின்ன பீப் அடித்துத் தான் உயிரோடு இருப்பதைச் சொல்லும் செட்டைத்தான் வாங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காக. அந்த முதல் பீப் வரவில்லை என்றால் நான் வண்டியை நகர்த்த மாட்டேன்.

மழைத்துளியோ சேறோ ஒட்டிக்கொண்டால் பொய்யாகக் கத்தும், ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை சென்சார் மேலேயே பிடிக்க விடாதீர்கள். எது கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, ஒவ்வொரு சென்சார் மேலும் விரல் நுனியை வையுங்கள். உயிரோடு இருப்பது லேசாகத் துடிக்கும், காதை வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். செத்தது சும்மா இருக்கும்.

மாட்டி முடித்ததும் அங்கேயே ஓர் அட்டைப்பெட்டியை நான்கு சென்சாருக்கும் முன்னால் தனித்தனியாகப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூலைகளையும் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த மூலைச் சென்சார்கள்தான் மிக உள்ளே தள்ளி மாட்டப்பட்டிருக்கும்.