சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் சிபியு எவ்வளவு காட்ட வேண்டும்? குன்னூர் வீட்டில் மூன்று வருட அனுபவம்

மெஷின்: நான்கு கோர், எட்டு த்ரெட் டெஸ்க்டாப் (அதாவது, கணக்குப் போடும் சிப்பான சிபியு ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைப் பார்க்கும்), விண்டோஸ் 10. கீழே வரும் சிபியு எண்களெல்லாம் சதவீதம்.

எந்த ப்ரோகிராம் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 97 என்று நிற்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். அது எதையும் தின்பதில்லை. சிபியு வேலையில்லாமல் கிடக்கும் நேரத்தின் கணக்கு அது. அங்கே 97 என்றால் நடக்கிற வேலை 3தான்.

டாஸ்க் மேனேஜர் திறந்த நொடியில் எகிறும் எண்ணையும் கணக்கில் எடுக்காதீர்கள்; திறப்பதற்கே கொஞ்சம் செலவாகும். ஒரு நிமிடம் மவுஸைத் தொடாமல் விடுங்கள். 1க்கும் 5க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தால் கவலையில்லை.

ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கும் எண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு ப்ரோகிராம் சிக்கிக்கொண்டு ஒரு த்ரெட்டை முழுசாகப் பிடித்தால், 100ஐ எட்டால் வகுத்து 12.5 வரும்; டீடெயில்ஸில் 12 அல்லது 13 என்று தெரியும். பார்க்க சின்ன எண், அதனால்தான் தப்பிவிடும். நான்கு த்ரெட் லேப்டாப்பில் இதே கோளாறு 25 காட்டும். கோவை வெயிலில் ஃபேன் இரைச்சலே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே மார்கழிக் குளிரில் ஃபேன் வாயே திறக்காது. டீடெயில்ஸில் 'சிபியு' என்ற பத்தியின் தலைப்பை கிளிக் செய்து வரிசைப்படுத்திப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

அதே பட்டியலில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்பது ஹார்ட்வேர் கூப்பிடும்போது சிபியு செலவிடும் நேரம்; சாதாரணமாக 1ஐத் தாண்டாது. 5, 10 என்று நின்றால் டிரைவரோ (ஹார்ட்வேரை இயக்கும் சாஃப்ட்வேர்) யூஎஸ்பியில் செருகிய ஏதோ ஒன்றோ காரணம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

மலையில் இன்னொரு விஷயம் உண்டு. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளுக்கு வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அப்போது மெஷின் அணைந்திருந்தால், அடுத்து எப்போது சும்மா இருக்கிறதோ அப்போது ஆரம்பிக்கும். ஆடிக் காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை என்று வையுங்கள். வந்ததும் அப்டேட், வைரஸ் ஸ்கேன், தேடல் இண்டெக்ஸ் எல்லாம் சேர்ந்து 30, 40 வரை ஏறும். மவுஸை அசைத்தால் பெரும்பாலும் அடங்கும், விட்டால் மறுபடி ஏறும். இது கோளாறல்ல. பயந்து அணைத்தால் நாளைக்கும் இதே கதை. ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் இறங்கவில்லையா? டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள்; விண்டோஸ் கடைசியாக முழுசாகத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்ற கணக்கு அது. தினமும் ஷட்டவுன் செய்யும் மெஷினிலும் அங்கே பன்னிரண்டு நாள் என்று இருக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் செய்கிற வேலை அது: ஷட்டவுனில் விண்டோஸின் உள்பகுதி முழுசாக அணைவதில்லை, சிக்கிய டிரைவரும் அப்படியே மறுநாளுக்கு வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளவெடுங்கள்.