தையல் கடைக்கு ஆர்க்கிடெக்ட் வைத்தோம்: ஐந்து வருடம் புழங்கிய பிறகு எழுதுகிறேன்

420 சதுர அடி வாடகைக் கடைக்கு ஆர்க்கிடெக்ட் எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். மதுரையில் ப்ளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறோம். நாலு மெஷின், ஒரு கட்டிங் மாஸ்டர், ஹூக் கட்டவும் ஹெம்மிங் அடிக்கவும் இரண்டு பெண்கள். 2021-ல் இந்த இடத்துக்கு மாறினோம். இந்த அளவு கடைக்குத் தச்சரையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு நாமே முடித்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் பழைய கடையில் மாஸ்டர் முதுகுவலியோடு வாரத்தில் பாதி நாள் அவதிப்பட்டார். இடம் மாறும்போதே அதற்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சின்ன வேலை என்று சிலர் தட்டிக் கழித்தார்கள். ஒத்துக்கொண்டவர் முதலில் படம் எதுவும் காட்டவில்லை. பழைய கடையில் ஒரு மதியம் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். அளவு எடுத்த துணி எங்கே போகிறது, கட்டிங் முடிந்து யார் கைக்கு வருகிறது, இஸ்திரிக்குப் போக யாரைத் தாண்டிப் போகிறது என்று ஒரு காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தக் காகிதத்தைக் காட்டினார். இஸ்திரி மேஜை வாசலில் இருந்ததால், ஒவ்வொரு ப்ளவுஸும் கடையை முன்னும் பின்னுமாகச் சுற்றியிருந்தது. வருடக்கணக்காக அங்கேயே நின்றும் என் கண்ணில் படாத விஷயம் அது. அவருக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு மதியத்துக்கே தகும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாஸ்டரின் வலிக்குக் காரணமும் அன்றைக்கே தெரிந்தது. அவர் நின்றுகொண்டு வெட்டுகிறார். மேஜையோ உட்கார்ந்து எழுதுகிற 30 அங்குல உயரம். தரையிலிருந்து அவர் முழங்கை வரை டேப் வைத்து அளந்து, புது மேஜையை 37 அங்குலத்தில் போட்டார்கள். நாலு பக்கமும் சுற்றி வர இடம், அடியில் பிட்டுத் துணிக்கும் லைனிங்குக்கும் தட்டு. "அக்கா, இது என் அளவுக்குத் தைச்ச மேஜை" என்றார் மாஸ்டர். இடுப்பு பெல்ட் போடுவதை அந்த வருடமே விட்டுவிட்டார். இப்போது வலி என்று லீவு போடுவது அபூர்வம்.

அடுத்து வெளிச்சம். மாஸ்டரின் குடும்பம் மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில், தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்த குடும்பம். ட்யூப்லைட்டில் ஒத்துப்போகிற நூல் வெயிலில் வேறு கலராகத் தெரியும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதனால்தான் துணியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவோம். இங்கே கடையின் முகப்பு மேற்கு, பின்னால் கிழக்குப் பக்கம் கொஞ்சம் திறந்தவெளி. கட்டிட ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, பின்சுவர் ஜன்னலை அகலப்படுத்தி, கட்டிங்கையும் மெஷினையும் அங்கே கொண்டுபோனார் ஆர்க்கிடெக்ட். ராத்திரி வேலைக்கு நீலம் பாய்ந்த 6500 கெல்வின் பல்புகள் வேண்டாம் என்று 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (கலரை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்கிற அளவு) 90-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். பல்பு மாற்றும்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துத்தான் வாங்குகிறேன். கலர் சேரவில்லை என்று திரும்பி வருகிற துணி வெகுவாகக் குறைந்துவிட்டது. ட்ரையல் ரூமிலும் விளக்கைத் தலைக்கு மேல் போடாமல் கண்ணாடியின் இரண்டு பக்கமும் வைத்தார். கழுத்து, கை ஃபிட்டிங்கில் நிழல் விழுவதில்லை.

தரைக்கு எனக்கு ஆத்தங்குடி டைல்ஸ் மேல் ஆசை. பூ டிசைனில் விழுகிற குண்டூசியை யார் தேடுவது என்று கேட்டார். வெளிர் சாம்பல், டிசைன் இல்லாத டைல்ஸ் போட்டோம். ஊசி, ஹூக், பட்டன் எது விழுந்தாலும் உடனே கண்ணில் படுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற கஸ்டமர் காலுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் முகப்பில்தான். ஷட்டரிலிருந்து 4 அடி உள்ளே தள்ளிக் கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்றார். கடை அகலம் 12 அடி. வாடகை கொடுக்கிற இடத்தில் 48 சதுர அடி போகிறதே என்று மனசு கேட்கவில்லை. ஆனால் மேற்கு வெயிலுக்கு அந்த இடைவெளிதான் தடுப்பு. நாலு மணிக்கு மேல் சாய்வெயில் இறங்கும்போது ஷட்டர் ஓரத்தில் மூங்கில் தட்டியை இறக்கிவிடுகிறோம். சித்திரையிலும் கவுண்டரில் நின்று பேச முடிகிறது. இன்னொன்று, கடை தெருவைவிட 6 அங்குலம் உயரம். ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம், அதாவது 1-க்கு 12 என்கிற கணக்கில் சரிவுப் பாதைக்கு 6 அடி நீளம் வேண்டும். தெருவுக்கு நேராகப் போட்டால் சாக்கடைக்கு மேல் போயிருக்கும். அவர் அந்த 4 அடிக்குள்ளேயே குறுக்காகப் போட்டார். வாக்கர் வைத்து நடக்கிற ஒரு பாட்டி மகளோடு உள்ளே வந்து, தனக்கான ப்ளவுஸின் கழுத்து டிசைனைத் தானே தேர்ந்தெடுக்கிறார். முன்பெல்லாம் அவர் ஆட்டோவிலேயே இருப்பார், மகள்தான் போனில் படம் எடுத்துப் போய்க் காட்டுவார். 48 சதுர அடிக் கணக்கை அதற்கப்புறம் நான் பேசவில்லை.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மொத்த வேலை ஏறக்குறைய 7 லட்சம். அவர் கட்டணம் 65,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சின்ன வேலைக்குச் சதவீதக் கணக்கு சரிவராது என்று மொத்தமாகப் பேசி, கட்டம் கட்டமாகக் கொடுத்தோம். வாடகை இடம் என்பதால் எஸ்டிமேட்டையே இரண்டாகப் பிரித்திருந்தார்: காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போகக்கூடியது, சுவரோடு போவது. மேஜை, ரேக், கண்ணாடிக் கதவு, விளக்கு எல்லாம் முதல் கணக்கில். வாடகைக் கடைக்காரர்கள் யாராக இருந்தாலும் இப்படிப் பிரித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள்.

பேசி முடிக்கும் முன் பதிவைப் பாருங்கள். 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவு எண் சி.ஏ. என்று ஆரம்பிக்கும், கவுன்சிலின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அந்தச் சட்டம் பட்டப்பெயரைத்தான் கட்டுப்படுத்துகிறது, வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் படம் போட்டுத் தருவார்கள். சரிபார்ப்பது நம் பொறுப்பு.

குறைகளும் உண்டு. படமெல்லாம் மில்லிமீட்டரில் வந்தது. கொத்தனாரும் தச்சரும் அடி, அங்குலத்தில் பழகியவர்கள். ரேக்கின் ஒரு தட்டு உயரம் மாறிப்போய்ப் பிரித்துச் செய்தார்கள், அந்தக் கூலி எங்கள் தலையில். காற்றுக்காகப் பின்சுவரின் மேலே வைத்த சுட்டமண் ஜாலி (ஓட்டை ஓட்டையான தடுப்பு) அழகுதான், காற்றும் வருகிறது. ஆனால் துணிப் பஞ்சும் தெருப் புழுதியும் அதில் அப்பிக்கொள்கின்றன. ஐப்பசி மழையில் சாரல் அடித்து, ஒரு பட்டு ப்ளவுஸில் திட்டு விழுந்துவிட்டது. கடை திறந்தபின் வந்து பாருங்கள் என்று பலமுறை கூப்பிட்டும் ஆர்க்கிடெக்ட் வரவில்லை. ஒப்பந்தம் வேலை முடிவதோடு நின்றுவிடுகிறது என்றார். பிறகு நாங்களே வெளியே சின்னத் தகர சன்ஷேடும் கழற்றிக் கழுவுகிற கம்பிவலையும் போட்டுக்கொண்டோம்.

இப்போது மாடியையும் ஆரி வேலைக்கு எடுக்க ஓனரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதே ஆர்க்கிடெக்டிடம்தான் கொடுக்கப்போகிறேன். இந்த முறை படங்கள் அடி, அங்குலத்திலும் இருக்க வேண்டும், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்தபின் வந்து பார்க்க வேண்டும், கடைசித் தவணை அதற்குப் பிறகுதான். இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ்.