பனிக்கால வர்ணப் பெட்டி: இரண்டு வயதுக்குச் சரிவருமா?

முகப்பில் கொட்டை எழுத்தில் 'குட்டிகளுக்கு', அடியில் பொடி எழுத்தில் 'மூன்று வயதுக்கு மேல்'. 30 டொலர் கொடுத்து வாங்கிய இந்தப் பெட்டியில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் இதுதான்.

காரணம் உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுருண்டைகள். கனடாவில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களில் தொண்டையில் சிக்கும் சிறு துண்டுகள் இருக்கக்கூடாது. என் மகளுக்கு இரண்டரை வயது; கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும். உருண்டைகளும் மினுக்குத் தூளும் இப்போது அலுமாரிக்கு மேலே.

மிச்சத்தில் உண்மையிலேயே நல்லது பேர்ச் மரப் படம். நீல ரேப்பை, அதாவது சுவருக்கு வர்ணம் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் ஒட்டுநாடாவை, தாளில் நெடுக்காக ஒட்டுவது எங்கள் வேலை. அதற்கு மேலும் சுற்றிலும் நீலம், ஊதா அப்புவது பிள்ளையின் வேலை. தூரிகையோ உள்ளங்கையோ, எதனாலும் பூசலாம். கோடு தாண்டுகிறதே என்ற கவலை இல்லை. காய்ந்ததும் ரேப்பை உரித்தால் வெள்ளை மரங்கள் வரிசையாக நிற்கும். விரல் நுனியில் கறுப்பைத் தொட்டுக் குறுக்கே சின்னக் கோடுகள் இழுத்தால், ரொறன்ரோ தெருவோரத்தில் நிற்கும் பேர்ச் மரத்தின் பட்டையேதான். உரிக்கும் நேரம்தான் மகளுக்குக் கொண்டாட்டம். ரேப்பை முதலில் உடுப்பில் ஒருதரம் ஒட்டி எடுங்கள். பசை குறைந்து தாள் கிழியாமல் வரும். பெட்டியில் இருக்கும் குறிப்பில் இதைச் சொல்லவில்லை.

உப்பிய பனிக்கென்று தந்திருக்கும் பாக்கெட் ஒரு பனிமனிதனோடு முடிந்துவிடும். அப்புறம் நானே வெள்ளைப் பசையையும் சவர நுரையையும் சம அளவில் கலந்தேன். காய்ந்தபின் அதே மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் வாயில் வைக்கும் பிள்ளையென்றால் பக்கத்தைவிட்டு அசையக்கூடாது.

பனித்துகள் அச்சுத் தகடுதான் எனக்குப் பெரிய எரிச்சல். எட்டுக் கை! பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் பனித்துகளுக்கு வழக்கமாக ஆறு கைதான். மகளுக்கு இது தெரியப்போவதில்லை, சரி. ஆனால் அசல் பனி ஜன்னலுக்கு வெளியே கொட்டும் நாட்டில் விற்கிறவர்கள் ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

வர்ணத்தில் பெரிய குறை இல்லை. நீலம் குளிர்தண்ணீரிலேயே போய்விட்டது, சிவப்பு மட்டும் சட்டைக் கையில் லேசாகத் தங்கியது. போத்தலில் ஈஎன் 71-7 என்ற இலக்கம் இருக்கிறது. விரலால் பூசும் வர்ணங்களுக்கான ஐரோப்பிய விதி அது. பிள்ளைகள் நக்காமல் இருக்கக் கசப்புப் பொருள் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு மகளின் முகம் போன போக்கே சாட்சி.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம். இரண்டு வயதுக்காரருக்கு நீல ரேப், கழுவக்கூடிய வர்ணம், தடித்த தாள் மூன்றையும் தனித்தனியே வாங்குங்கள். எங்கள் பக்கத்து டொலர் கடையில் பாதிக் காசுதான்.