மெல்லாடையா, லினனா, ரேந்தையா? குமரிக் கோடைக்கு ஓர் ஒப்பீடு

அக்கா மகள் தன் கைப்பேசியில் மூன்று படங்களைச் சேமித்துக்கொண்டு வந்தாள். மூன்றும் பாரீஸ், மிலான் மேடைகளில் அண்மைப் பருவங்களில் திரும்பத் திரும்ப வந்த பாணிகள். ஒன்று, உள்ளிருப்பது நிழலாகத் தெரியும் மெல்லிய துணியில் அடுக்கடுக்கான மெல்லாடை. இரண்டு, தளர்ந்த சட்டையும் அதே துணியில் அகலமான கால்சட்டையுமாக லினன் ஜோடி. மூன்று, வெள்ளைப் பருத்தியில் ரேந்தையும் (லேஸ்) துளை வேலைப்பாடும் வைத்த மேலாடை. "சித்தி, மே மாதக் கல்யாணத்துக்குப் போடவும், பிறகு கல்லூரிக்குப் போட்டுப் போகவும் இதில் எதைத் தைக்கலாம்?" என்று கேட்டாள். மத்தியானம் முழுக்க அதைத்தான் பேசினோம். என் ஓட்டு மூன்றாவதற்கு. மற்ற இரண்டையும் ஏன் தள்ளினேன் என்பதைச் சொல்லாமல் அந்த ஓட்டுக்கு மதிப்பில்லை.

முதலில் நாள்காட்டி. வசந்த-கோடைத் தொகுப்புகள் முந்தைய ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் நியூயார்க், லண்டன், மிலான், பாரீஸ் என்ற வரிசையில் மேடையேறுகின்றன. அவற்றைப் பார்த்துத் தைத்த மலிவு உடைகள் நாகர்கோவில் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும்போது நமக்கு ஏப்ரல் பிறந்திருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோடை தொடங்கும் ஜூனில் நமக்கு இடவப்பாதி மழை. அவர்களுடைய கோடை மாலையில் குளிரும். நம்முடையது மார்ச் முதல் மே வரை, இரவிலும் கழுத்தில் ஈரம் காயாத கோடை. குளச்சலிலோ முட்டத்திலோ இருப்பவர்களுக்கு அந்த ஈரத்தில் உப்பும் சேரும். உடையின் வெட்டு எங்கிருந்து வந்தாலும், துணியை இந்த வெயிலை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெல்லாடையை எடுத்துக்கொள்வோம். மேடையில் நடப்பது பெரும்பாலும் பட்டு ஷிஃபான், பட்டு ஆர்கன்சா. இங்கே கடைக்கு வருவது அதே தோற்றத்தில் பாலியஸ்டர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தோலுக்கு உடனே தெரியும். சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டும் உலர்ந்ததாகவே தொடுகைக்குத் தெரியும். லினன் இன்னும் கூடுதலாக, 12 கிராம் வரை வாங்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. நம் வியர்வை அதில் இறங்க வழியில்லாமல் முதுகிலேயே நிற்கிறது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். சென்ற ஆண்டு ஓர் உறவினர் திருமணத்துக்கு ஒரு கடையில் ஆர்கன்சா என்று சொல்லித் தந்த சேலையை உடுத்திப் போனேன். பந்தியில் உட்காருவதற்குள் ரவிக்கையின் கைப்பகுதி தோலோடு ஒட்டி, கழுத்தில் வேர்க்குரு பொரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். உருகிக் கறுத்துக் கடினமான மணியாகச் சுருண்டது. பருத்தியாக இருந்திருந்தால் காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகியிருக்கும். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், கரி விரலில் பொடிந்துபோகும். வாங்கிய பிறகு செய்த சோதனையை வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். மீட்டர் துணி வாங்கும் இடத்தில் ஓர் இழை கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

மேடையில் அப்படியே அணிவதை நாம் உள்துணி வைத்துத் தைக்கிறோம். உள்துணியும் பல நேரங்களில் பாலியஸ்டர்தான். இரண்டு அடுக்கு சேர்ந்ததும் மெல்லாடை என்ற பெயரே பொய்யாகிவிடுகிறது.

இதைச் சொன்னதும் அவள், "அப்போ உங்களுக்குப் பிடிக்காதது உடம்பு தெரிவதுதானே?" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. எதை உடுத்துவது என்பது அவளுடைய உரிமை, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் இந்த மண்ணில் மேலாடை என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தோளை மூடிக்கொள்வதற்காக நம் பாட்டிகளின் பாட்டிகள் அடிபட்டிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்றுதான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மெல்லிய துணியைப் பார்த்து நம் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கும்போது அதை வெறும் பழமை என்று அவள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

லினனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளின் கடலோர வயல்களில் விளையும் ஆளிச் செடியின் நார் அது. நம் கோடைக்கு இழையளவில் அதற்கு இணை குறைவு. குறை கசங்குவதில் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கும்போது மடி முழுக்கக் கோடு விழுந்திருக்கும், ஏனென்றால் அந்த நாருக்கு மீளும் தன்மை மிகக் குறைவு. கசங்கலே அதன் அழகு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் அதை நானும் ஏற்பேன், கல்யாண வீட்டில் ஏற்கமாட்டார்கள். இன்னொன்று, மலிவாக லினன் என்று விற்பதில் மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை கலந்திருக்கும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும், விஸ்கோஸ் நனைந்தால் தளர்ந்துபோகும். துவைகல்லில் அடித்துத் துவைக்கிற வீட்டில் அது ஒரு கோடையைத் தாண்டாது.

இனி ரேந்தை. 2025 வசந்த-கோடைக்காகக் குளோயே நிறுவனத்துக்குச் செமேனா கமாலி வடிவமைத்த தொகுப்பில் ரேந்தை வைத்த வெளிர் உடைகளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இது நாகர்கோவிலுக்குப் புதிதா என்பதுதான். 1819-இல் இங்கே வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறு பதிவு செய்திருக்கிறது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் கூடவே போனது. சொல்லோ அதற்கும் முந்தியது, போர்த்துக்கீசியரின் 'ரெண்டா' நம் வாயில் ரேந்தையானது.

அதைப் பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திண்டின் மேல் துளையிட்ட மாதிரித்தாள், அதில் வரிசையாக ஊசிகள், ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு சிறு கட்டை. கட்டைகளை இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் போடும்போது எழும் சத்தம் மழை தொடங்கும் சத்தம் போலிருக்கும். ஒரு விரல் நீளம் வளர ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. அதனால்தான் விலை. அந்த விலையைப் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கடையில் முழத்தில் விற்கும் நைலான் ரேந்தையை இதோடு ஒப்பிடவே கூடாது. வியர்த்த கழுத்தில் அது அரத்தைப் போல உரசும். பருத்தி நூலில் இயந்திரம் பின்னியது பரவாயில்லை. துளை வேலைப்பாடு இன்னும் நல்லது, துணியிலேயே ஓட்டை வெட்டி ஓரம் தைப்பதால் காற்று உள்ளே நுழைகிறது, உடம்பும் மறைந்திருக்கிறது. மெல்லாடை தருவதாகச் சொல்லித் தராததை இது தருகிறது. குறைகளும் உண்டு. தோள்பையின் கொக்கியில் மாட்டினால் கிழியும். சலவைத்தூளில் ஊறப்போட்டு மறந்தால் நூல் நைந்துவிடும். கையில் கசக்கி, நிழலில் விரித்துப் போட வேண்டும்.

செலவைக் குறைக்க எங்கள் தையல் அக்கா சொன்ன வழி எனக்குப் பிடித்தது. உடல் முழுக்க மல் துணி, கழுத்துப் பட்டைக்கும் கை நுனிக்கும் மட்டும் கைரேந்தை. துணி நைந்தாலும் ரேந்தையைப் பிரித்து அடுத்த சட்டையில் வைக்கலாம்.

நிறத்தில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. 2025 கோடையில் வெண்ணெய் மஞ்சள் ஓடியது, 2026-க்கு பான்டோன் நிறுவனம் ஒரு வெள்ளையையே ஆண்டின் நிறமாக அறிவித்தது. இரண்டுக்கும் நடுவில்தான் நம் கோராத் துணி நிற்கிறது. வெளுக்காத அந்தப் பால்வெள்ளையில் கேரளத்துப் பாலராமபுரம் நெசவாளர்கள் தரும் முண்டும் மேலே போடும் நேரியதும் நம் அலமாரிகளில் எப்போதும் இருப்பவைதான், 2009-இல் புவிசார் குறியீடும் பெற்றவை. உள்ளே காற்றடைத்ததைப் போல உப்பி நிற்கும் பாவாடையையும் அவள் காட்டினாள். ஆரல்வாய்மொழிக் காற்றில் அதோடு பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியாது என்று அவளே சொல்லிக் கடந்துவிட்டாள்.

மெல்லாடை ஆசை மட்டும் அவளை விடவில்லை. அதற்கும் வழி இருந்தது. ராஜஸ்தானின் கோட்டா டோரியா, பருத்தியும் பட்டும் கலந்து சிறு கட்டங்களாக நெய்தது, ஊடாகப் பார்த்தால் விரல் தெரியும், வியர்வையையும் வாங்கும். அதில் ஒரு துப்பட்டா எடுத்தோம். மல் துணி இரண்டரை மீட்டர். கழுத்துக்கும் கைக்குமான ரேந்தைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் தருவதாகப் பின்னுகிறவர் சொல்லியிருக்கிறார். அவருடைய திண்டில் இப்போது வேறொருவரின் மேசைவிரிப்பு பாதியில் நிற்கிறது.