இன்டர்லாக் டைல் போட்ட போர்ச்: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

கோலாலம்பூரில் வரிசை வீட்டுக்காரர்கள் பெரும்பாலோருக்குத் தனிக் கராஜ் கிடையாது. கேட்டுக்கும் வாசற்கதவுக்கும் இடைப்பட்ட போர்ச்தான் கார் நிற்கும் இடம், துணி காயும் இடம், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் நாற்காலி போடும் இடம். செந்தூலில் எங்கள் வீட்டுப் போர்ச்சின் பழைய சிமெண்டுத் தரை வெடிப்பும் எண்ணெய்க் கறையுமாகக் கிடந்தது. உடைத்துவிட்டுப் பளபளப்பான பீங்கான் டைல் பதித்தால், சாரல் பட்ட மறுநிமிடமே வழுக்கும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எபாக்சி என்னும் பிசின் பூச்சோ, அடியிலிருந்து ஈரம் ஏறும் தரையில் உரிந்து வந்துவிடும். அதனால்தான் பசையும் சிமெண்டும் இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துப் பரப்பும் பிளாஸ்டிக் டைலைத் தேர்ந்தெடுத்தோம்.

இதில் பிவிசி, பாலிபுரோப்பிலீன் என இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். பிவிசி மெத்தென்று இருக்கும், சத்தம் வராது. ஆனால் அதை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருளும் டயர் ரப்பரில் உள்ளவையும் சூட்டில் ஒன்றுக்கொன்று இடம் மாறி, சக்கரம் நிற்கும் இடத்தில் பழுப்புக் கறை விழும். தேய்த்தாலும் போகாது. பாலிபுரோப்பிலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் வாங்கியது அதில் வலைக்கண் போல் திறந்த வகை, 40 செ.மீ. சதுரம், ஒரு சதுர மீட்டருக்கு ஆறேகால் டைல் பிடிக்கும்.

போடும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு டைலிலும் இரண்டு பக்கம் வளையம், இரண்டு பக்கம் முளை. எல்லாம் ஒரே திசை பார்க்க வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினால் 'டக்' என்று உட்காரும். சுவரோரத் துண்டுகளை மைத்துனர் ஜிக்சாவால் வெட்டித் தந்தார். காலையில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன் கார் உள்ளே வந்துவிட்டது.

வெயில்தான் முதலில் பாடம் நடத்தியது. பாலிபுரோப்பிலீன் ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும். ஐந்து மீட்டர் தரை, இருபது டிகிரி ஏற்றம் என்றால் ஒரு செ.மீ. ஆயிற்று. சுவரோரம் விட்ட இடைவெளி அதை விழுங்கிக்கொண்டது. தூணைச் சுற்றி நெருக்கமாக வெட்டிய இடத்தில் மட்டும் மதியம் இரண்டு மணிக்கு டைல் மேடாக எழும்பும், இரவில் தானாகப் படுத்துவிடும். அங்கேயும் விரற்கடை செதுக்கிய பிறகு அடங்கியது.

உண்மையான சோதனை தண்ணீர். மாலை இடிமழைச் சாரல் டைலின் கண்கள் வழியே இறங்கி, அடியில் ஓடி, கேட்டுக்கு வெளியே கால்வாயில் விழவேண்டும். மேலே கால் நனைவதில்லை என்பது பெரிய சுகம். ஆனால் கீழே இருக்கும் தரையின் சரிவு சரியாக இருந்தால்தான் இந்தக் கதை நடக்கும். எங்கள் தரையில் முன்சக்கரம் நிற்கும் இடம் தட்டு அளவுக்கு அமிழ்ந்திருந்தது. துப்புரவுக்காகத் தூக்கியபோது அந்தப் பள்ளத்தில் சேறு, மக்கிய இலை, அவற்றின் நடுவே தலைகீழாகத் தொங்கித் துள்ளும் கொசுப்புழுக்கள். நம் ஊர் வெப்பத்தில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். காய்ந்த இடத்திலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். டிங்கிக் காய்ச்சல் ஒருபுறம் இருக்க, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வளாகத்தில் புழு கண்டால் அபராதமும் உண்டு. பள்ளத்தைச் சிமெண்டு பூசி நிரப்பினோம். இப்போதும் மாதம் ஒரு முறை அந்த வரிசையைப் பெயர்த்து, தரையைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் மீண்டும் கோப்பேன். கூரை இல்லாத போர்ச்சுக்கு இந்தத் திறந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றபடி, கார் நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருகினால் டைல்களின் கோப்பு கழன்றுகொள்கிறது. சக்கரம் உருளும்போதே திருப்ப வேண்டும். ஜாக்கி வைக்க அடியில் பலகை, மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு தகட்டுத் துண்டு. நடந்தால் 'கடக் கடக்' என்று சத்தம் வரும். "யார் வந்தாலும் தெரிகிறது, அழைப்பு மணியே வேண்டாம்" என்பது அம்மாவின் தீர்ப்பு.

அம்மா ஒரே ஒரு இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கோலமாவு கண்களில் விழுந்து காணாமல் போகும் என்பதால், வாசலுக்கு நேர் எதிரே சிமெண்டு அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிச் சரிவுப் பட்டை. நல்ல ஏற்பாடுதான். ஆயுத பூஜையன்று சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சையின் குங்குமம் சாம்பல்நிற டைலின் வரிகளில் புகுந்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்கும் மசியாமல் இளஞ்சிவப்பாக இன்னும் நிற்கிறது.

வாங்கும்போதே பத்து டைல் கூடுதலாக எடுத்து வையுங்கள். கேட்டுப் பக்கம் வெயிலில் வெளுத்துப்போன வரிசைக்குப் புதிது மாற்றினால் திட்டுத் திட்டாகத் தெரியும். நான் உள்பக்கத்து டைலை முன்னால் கொண்டுவந்து, புதியதைக் கார் மறைக்கும் இடத்தில் போட்டுவிட்டேன்.