சுயசான்றுக் கட்டட அனுமதி: மாடியில் இன்னொரு வீடு போடுவோருக்கு எவ்வளவு உதவும்?

மனை, பிளான் விவரங்கள் சரியென்று உரிமையாளரே சான்று தந்து கட்டட அனுமதி வாங்கும் சேவையைத் தமிழக அரசு 2024 ஜூலை 22-ல் தொடங்கியது. சிறு ஊர்களுக்கு இது மிகவும் தேவையான ஒன்று. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி. இதற்குள் அடங்கினால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, பிளான் மூன்றையும் ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் கியூஆர் குறியீட்டோடு அனுமதி வந்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து மனையை அளப்பதில்லை. அந்தக் கட்டணத்துக்கு மேல் பரிசீலனைக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. பணி நிறைவுச் சான்றும் வேண்டாம்.

கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் என்று தெருவுக்குள்ளேயே வீடுகள் கூடினால், ஊர் வயலுக்குள் பரவ வேண்டியதில்லை. சாலையும் குடிநீர்க் குழாயும் மின்கம்பமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு இவ்வளவு எளிய வழி இதுவரை இருந்ததில்லை.

சிக்கல் பெரும்பாலும் காகிதத்தில்தான். 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆறு சென்ட் மனை 2,613 சதுர அடியைத் தாண்டும். 113 சதுர அடிக்காக வழக்கமான அனுமதிக்குப் போக வேண்டும். இந்த வரம்பை ஆறு சென்ட்டாவது ஆக்கியிருக்கலாம். பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு இருந்தாலோ, பட்டா இன்னும் இறந்த தந்தையின் பெயரில் இருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால் வரன்முறை, அதாவது அரசிடம் அதை முறைப்படுத்திக்கொள்வது, முடிந்திருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு விற்ற பிரிவுகளுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. தந்த விவரம் தவறென்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். சான்று கொடுத்தவர் நீங்கள்தான்.

அனுமதி கிடைத்த பிறகு பலர் கோட்டை விடுவது கழிவுநீர்த் தொட்டியில். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஐந்து பேருக்குப் போட்ட தொட்டியோடு மாடி வீட்டையும் இணைத்தால், கசடு படிய நேரமில்லாமல் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு கீழ்வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் வேண்டும்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடை அள்ளுவதாக இருந்தால் நீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர். அதற்கு மேல் 30 சென்டிமீட்டராவது காலியிடம் விடுங்கள். கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும்படி தொட்டியை முன்பக்கம் வையுங்கள். மூடிமேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள்.

மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே பிளானில் காட்டி, அஸ்திவாரத்தையும் தூண் கம்பியையும் இரண்டு தளத்துக்குக் கணக்கிட்டுப் போடுங்கள். படிக்கட்டு கூடத்துக்குள் ஏறினால் மாடியைத் தனி வீடாக வாடகைக்கு விட முடியாது. வாசலிலிருந்தே நேராக ஏறும்படி, வீட்டின் பக்கத்தில் விட வேண்டிய காலியிடத்தைத் தின்னாமல், பிளானிலேயே அதற்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.